கதவா, நகரமா? ஜப்பானியத் துறைமுகங்களில் சுற்றுலாக் கப்பலின் ஒரு பகல்

1. கேள்வி

ஜப்பானைக் கடல்வழியே சுற்றிவரும் சொகுசுக் கப்பல்களின் பயண அட்டவணையில் ஊர்ப் பெயரும் நேரமும்தான் இருக்கும். காலையில் கப்பல் துறையை அடையும், மாலையில் கிளம்பிவிடும். கோபே, நாகசாகி, கனசாவா, ஹகோதாதே, ஒதாரு என்று ஊர்கள் மாறினாலும் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் கிடைப்பது ஒரு பகல்தான். பயணி உறங்குவது கப்பலில். சாப்பாடும் அநேகமாக அங்கேயே. இப்படிக் கரையிறங்கிச் சில மணி நேரத்தில் திரும்பி ஏறும் ஒருவர் அந்நகரத்தைப் பற்றி உருப்படியாக எதையாவது அறிய முடியுமா?

முடியும் என்றே நினைக்கிறேன். கோபேயில் இறங்கிக் கியோட்டோவை அறிய அந்தப் பகல் போதாது. கோபேயை அறியத் தொடங்க அது தாராளம். அந்த வாய்ப்பு பயணிக்குக் கிடைக்குமா என்பதை அவருடைய ஆர்வம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கப்பல் எந்தத் தளத்தில் கட்டப்படுகிறது என்பது அதைவிட அதிகமாகத் தீர்மானிக்கிறது. சில நகரங்களை முன்வைத்து இதைப் பரிசீலிக்கலாம்.

2. வழக்கமான இரண்டு பதில்கள்

கப்பல் நிறுவனங்களும் பயண முகவர்களும் துறைமுகத்தை ஒரு வாசலாகவே விற்கிறார்கள். யோகோஹாமா என்றால் டோக்கியோவுக்கும் காமகுராவுக்கும் வாசல். ஷிமிசு என்றால் ஃபூஜி மலைக்கு. கோபே என்றால் கியோட்டோவுக்கும் நாராவுக்கும். கப்பலின் அருகிலேயே பேருந்துகள் வரிசையாக நிற்கும். கோபேயிலிருந்து கியோட்டோ ஏறத்தாழ 75 கிலோமீட்டர். போக, வர, வாகன நிறுத்தத்தில் காத்திருக்க, கும்பலாக மதிய உணவு உண்ண என்று நேரம் கரைந்தபின் ஒரு கோயிலுக்கும் ஒரு கடைத்தெருவுக்கும்தான் பொழுதிருக்கும்.

சுற்றுலாவை விமர்சிப்பவர்களின் பதில் இதற்கு நேரெதிராகத் தோன்றும். மிதக்கும் விடுதியில் தங்குபவர் ஊருக்கு வாடகை தருவதில்லை, இரவுணவுக்குச் செலவழிப்பதில்லை, தெருவை நெரிசலாக்கிவிட்டுப் போகிறார். அவர் பார்ப்பது மேற்பரப்பு மட்டும் என்கிறார்கள். இந்த விமர்சனத்தில் பொருளாதாரம் பற்றிய பகுதி வலுவானது. அறிதல் பற்றிய பகுதி அவ்வளவு வலுவாக இல்லை. துறைமுக நகரம் தன்னளவில் பார்க்கத்தக்க பொருளன்று, உண்மையான ஜப்பான் உள்நாட்டில் இருக்கிறது என்ற எண்ணத்தை விற்பவரும் விமர்சிப்பவரும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

தமிழில் ஜப்பானைப் பற்றி எழுதியவர்களுக்குக் குறைவில்லை. 1930களில் அங்கே புகைப்படக் கலை பயின்ற ஏ.கே. செட்டியாரும் ‘உதயசூரியன்’ எழுதிய தி. ஜானகிராமனும் உடனே நினைவுக்கு வருவார்கள். அவர்கள் அந்த நாட்டில் தங்கிப் பார்த்தவர்கள். கப்பலிலேயே குடியிருந்து பகலில் மட்டும் இறங்கும் பயணியைப் பற்றி நம் பயண எழுத்து இன்னும் தீவிரமாக யோசிக்கவில்லை. இந்தியாவிலிருந்தும் இத்தகைய பயணங்களுக்குப் போகிறவர்கள் இருக்கும்போது அதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

3. தெஜிமா: ஒப்புமையின் ஈர்ப்பும் எல்லையும்

வெளிநாட்டவரைக் கரையோரமாக, குறிப்பிட்ட எல்லைக்குள் நிறுத்துவது ஜப்பானுக்குப் புதிதன்று. நாகசாகி விரிகுடாவில் 1636இல் கட்டி முடிக்கப்பட்ட தெஜிமா, விசிறி வடிவச் செயற்கைத் தீவு. பரப்பு சுமார் ஒன்றரை ஹெக்டேர். முதலில் போர்த்துகீசியரை அங்கே குடியமர்த்தினார்கள். 1639இல் அவர்கள் வெளியேற்றப்பட்ட பிறகு, 1641இல் டச்சு வணிகர்களை ஹிராதோவிலிருந்து அங்கே மாற்றினார்கள். நகரத்தோடு தீவை இணைத்தது ஒரே பாலம், பாலத்தில் காவல். சீன வணிகர்களுக்கும் 1689இல் மதில் சூழ்ந்த தனிக் குடியிருப்பு அமைந்தது.

தெஜிமாவுக்கு வந்த சரக்கில் நம் கரைக்கும் பங்குண்டு. பழவேற்காட்டையும் பின்னர் நாகப்பட்டினத்தையும் தலைமையிடமாகக் கொண்டிருந்த டச்சு நிறுவனம் சோழமண்டலக் கரையின் கோடுபோட்ட பருத்தித் துணிகளை அங்கே கொண்டுசென்றது. மயிலாப்பூரின் சாந்தோம் பெயராலேயே அத்துணி ஜப்பானில் அறியப்பட்டது. உள்ளூர் நெசவாளர்கள் அதைப் பார்த்து நெய்யவும் தொடங்கினார்கள். அங்கிருந்து ஏற்றிய ஜப்பானியச் செம்பு இந்தக் கரையின் சந்தைகளுக்கு வந்தது.

இன்றைய கப்பல் பயணியைத் தெஜிமாவின் டச்சுக்காரரோடு ஒப்பிட எவருக்கும் தோன்றும். 2015இல் ஜப்பான் அறிமுகப்படுத்திய கப்பல் சுற்றுலாத் தரையிறங்கும் அனுமதி அதற்குத் தூண்டும். அங்கீகரிக்கப்பட்ட கப்பல்களின் பயணிகள் அதன்படி எளிய சோதனையோடு விசா இல்லாமல் இறங்கலாம். கப்பல் புறப்படுமுன் திரும்பிவிட வேண்டும். ஆனால் ஒப்புமை ஓர் இடத்தில் உடைகிறது. தெஜிமாவில் அடைபட்டவர்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். அங்கே பணிபுரிந்த மருத்துவர்கள் கெம்ஃபர், துன்பெர்க், சீபோல்ட் ஆகியோர் ஐரோப்பாவுக்கு ஜப்பானை அறிமுகப்படுத்தினார்கள். நாகசாகியின் மொழிபெயர்ப்பாளர்கள் அவர்களிடம் மருத்துவமும் வானியலும் கற்றார்கள். இடம் குறுகியது, காலம் நீண்டது, அறிவு இரு பக்கமும் கடந்தது. இன்றைய பயணிக்கு இடத்தில் தடையில்லை, நாகசாகி முழுவதும் திறந்திருக்கிறது, குறுகியது காலம். அன்று எல்லை போட்டது அரசு. இன்று போடுவது நிறுவனத்தின் அட்டவணை.

நாகசாகியில் இந்தக் குறுகிய காலத்துக்கும் பலன் உண்டு. மாட்சுகாயே தளத்தில் இறங்கினால் ஸ்காட்லாந்து வணிகர் கிளவருக்காக 1863இல் எழுந்த இல்லம் தலைக்கு மேலே மேட்டில் இருக்கிறது. எதிர்க்கரையில் மிட்சுபிஷி கப்பல் கட்டும் தளத்தின் 1909ஆம் ஆண்டுப் பாரந்தூக்கி. மெய்ஜி காலத்தில் கடலை நிரவியதால் தெஜிமா தீவாக இல்லாமல் நகரத்துக்குள் புதைந்தது. பழைய பாலம் இருந்த இடத்தில் 2017இல் புதிய பாலம் போட்டிருக்கிறார்கள். அணுகுண்டு வீழ்ந்த உரகாமி பகுதிக்கு மட்டும் டிராம் ஏற வேண்டும்.

4. யோகோஹாமாவின் அரைக் கிலோமீட்டர்

என் வாதத்துக்கு யோகோஹாமாவே முதன்மைச் சான்று. 1858இல் அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தம் திறக்கச் சொன்னது கனகாவாவை. அது எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, செல்லும் டோக்கைடோ நெடுஞ்சாலையின் தங்கல் ஊர். வெளிநாட்டவர் அந்த நெடுஞ்சாலையில் நடமாடுவதை ஷோகுன் ஆட்சி விரும்பவில்லை. விரிகுடாவுக்கு அப்பால் இருந்த மீனவக் கிராமத்தில் துறையைக் கட்டி 1859இல் திறந்தது. அந்தக் கிராமம்தான் யோகோஹாமா. வெளிநாட்டவரை நாட்டின் வழிகளிலிருந்து விலக்கிவைப்பதற்காகவே இந்நகரத்துக்கு இந்த இடம் வாய்த்தது.

இன்று கப்பல்கள் கட்டப்படும் ஒசான்பாஷி தளத்தின் அடியிலிருந்து சுற்றி நடந்தால் அந்த வரலாறு ஏறக்குறைய முழுமையாகக் கண்ணில் படும். தளத்தின் தொடக்கத்தில், கடலுக்குள் வளைந்து செல்லும் சிறிய கல் அணைகரை. யானைத் துதிக்கை என்று ஊரார் அழைக்கும் இந்த இடத்தில்தான் ஆரம்ப ஆண்டுகளில் ஆட்களும் சரக்கும் இறங்கின. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, தோணிகள் போய்வந்தன. துறைமுகத்தின் 150ஆம் ஆண்டையொட்டி 2009இல் இங்கே பூங்கா அமைத்தபோது மண்ணுக்கடியில் சரக்கு வண்டிகளைத் திருப்பும் பழைய இரும்பு வட்டத் தட்டுகள் கிடைத்தன. அவற்றை எடுத்துப் போகாமல் கண்ணாடித் தரை போட்டு அங்கேயே வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தண்டவாளப் பள்ளங்கள் ஓடும் துருவேறிய தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வண்டியை நிறுத்தி, கையால் தள்ளி, திசை மாற்றியிருக்கிறார்கள். தேயிலையும் பட்டும் இந்நாட்டை விட்டுப்போன வேலைமுறை இதைவிடத் தெளிவாக எந்த அருங்காட்சியக அட்டையிலும் புரியாது.

கப்பல்கள் நேரடியாக அணையும் இரும்புத் தளம் 1894இல்தான் முடிந்தது. வடிவமைத்தவர் ஆங்கிலப் பொறியாளர் ஹென்றி ஸ்பென்சர் பால்மர். செலவுக்கு உதவியது ஓர் இழப்பீட்டுப் பணம். 1864இல் ஷிமோனொசெகியில் நான்கு மேலைநாடுகள் குண்டு பொழிந்துவிட்டு ஜப்பானிடமே இழப்பீடும் கேட்டு வாங்கின. அமெரிக்கா தன் பங்கை 1883இல் திருப்பித் தந்தது. அந்தப் பணம் இந்தத் துறைமுகத்துக்குள் போயிற்று. இப்போதுள்ள முனையக் கட்டடம் அலெஹாந்த்ரோ சாயெரா-போலோ, ஃபர்ஷித் முசாவி இருவரின் வடிவமைப்பில் 2002இல் திறந்தது. அதன் கூரை மரப்பலகை வேய்ந்த மேடுபள்ளமான பொதுவெளி; படி ஏறாமலே மேலே போகலாம். கப்பல் பயணிக்கும் மாலைக் காற்று வாங்க வரும் உள்ளூர்க்காரருக்கும் அங்கே தனித்தனி இடம் கிடையாது. துறைமுகமும் நகரமும் ஒரே தரையாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த கட்டடச் சான்றை நான் அறியேன்.

சில நிமிட நடையில் பழைய பிரிட்டிஷ் துணைத் தூதரகம், இப்போது வரலாற்று ஆவணக் காப்பகம். அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியோடு 1854 ஒப்பந்தம் கையெழுத்தான இடம் இதன் அருகில்தான். முற்றத்தில் நிற்கும் மரம் 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத் தீயில் எரிந்து, வேரிலிருந்து மறுபடி துளிர்த்தது. அந்த நிலநடுக்கத்தின் இடிபாடுகளைக் கடலில் கொட்டி நிரவிய நிலத்தில்தான் 1930இல் யாமாஷிதா பூங்கா திறந்தது. பூங்காவில் நடப்பவர் இடிந்த நகரத்தின் மேல் நடக்கிறார். அங்கே இந்தியக் கட்டடப் பாணியில் ஒரு குடிநீர் மண்டபம் இருக்கிறது. பேரழிவின்போது தங்களுக்கு உதவிய நகரத்துக்கு இந்திய வணிகர்கள் நன்றியாகக் கட்டிக்கொடுத்தது அது. பூங்காவின் ஓரத்தில் 1930இல் கட்டிய ஹிகாவா மாரு நிற்கிறது. சியாட்டில் தடத்தில் பயணக் கப்பலாக ஓடி, போர்க்காலத்தில் மருத்துவமனைக் கப்பலாகி, போருக்குப் பின் வெளிநாடுகளில் இருந்த ஜப்பானியரை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்து, 1960இல் ஓய்வுபெற்றது. கப்பல் என்பது போய்ச் சேருவதற்கான வழியாக இருந்த காலமும் அதுவே பொழுதுபோக்கும் இடமாகிவிட்ட காலமும் பக்கம் பக்கமாக நிற்பதை இங்கே காணலாம்.

இத்தனையும் நடை தூரத்தில் இருக்கும்போது, ஃபூஜி மலை மேகத்துக்குள் மறைந்திருக்குமோ என்ற கவலையோடு பேருந்தில் உட்கார்ந்திருப்பதை எனக்கு நியாயப்படுத்த முடியவில்லை.

5. 1899இன் சட்டம்

யோகோஹாமாவில் ஏறி யோகோஹாமாவிலேயே இறங்கும் ஜப்பான் சுற்றுப் பயணத்தில் பெரும்பாலும் தென்கொரியாவின் பூசான் ஒரு நாள் வந்துவிடும். பயணிகள் அதைக் கூடுதல் சலுகையாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு சட்டத்தின் விளைவு. 1899ஆம் ஆண்டுக் கப்பல் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஜப்பானியத் துறைகளுக்கு இடையே மட்டும் ஆட்களையோ சரக்கையோ ஏற்றிச்செல்வதைத் தடுக்கிறது. இடையில் ஒரு வெளிநாட்டுத் துறை வேண்டும். அமெரிக்காவிலும் 1886இலிருந்து இதையொத்த சட்டம் உண்டு.

ஆண்டைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டவருக்குத் தனி நீதிமன்ற உரிமை தந்திருந்த சமமற்ற ஒப்பந்தங்கள் முடிவுக்கு வந்து, யோகோஹாமா, கோபே, நாகசாகி குடியிருப்புகள் ஜப்பானியச் சட்டத்தின் கீழ் வந்ததும் 1899இல்தான். தன் கடற்கரையின் மேல் தன் அதிகாரத்தை மீட்ட ஒரு நாடு, அதே ஆண்டில் கரையோரப் போக்குவரத்தையும் தன் கொடிக்கு ஒதுக்கியது. பூசானில் பயணி இறங்கி மீன் சந்தை பார்க்கும் அந்த ஒரு நாள், மெய்ஜி அரசின் இறையாண்மைப் போராட்டம் இன்றுவரை விட்டுவைத்திருக்கும் தடம்.

6. கோபே: உடைந்த கரை

1868 ஜனவரி 1 அன்று திறந்த கோபே, மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நகரம். யோகோஹாமா 1923இல் அழிந்தபோது இந்திய வணிகர் பலர் இங்கே குடிபெயர்ந்தார்கள். அவர்களும் தாத்தார் முஸ்லிம்களும் பொருள் தந்து 1935இல் எழுந்த கோபே பள்ளிவாசல் ஜப்பானின் முதல் பள்ளிவாசல். 1945இன் விமானத் தாக்குதலையும் 1995இன் நிலநடுக்கத்தையும் தாங்கி நிற்கிறது.

1995 ஜனவரி 17 விடியலில் வந்த நிலநடுக்கம் 6,400க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மெரிக்கென் பூங்காவில் அன்று சிதைந்த கரையின் 60 மீட்டரை அப்படியே விட்டிருக்கிறார்கள். கைப்பிடிக்கு இப்பால் நின்று பார்க்கலாம். கான்கிரீட் பலகைகள் துண்டுதுண்டாகச் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. நடுவில் கடல்நீர் புகுந்திருக்கிறது. விளக்குக் கம்பங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கின்றன. சுற்றிலும் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டியபின் இந்தத் துண்டை மட்டும் மறைக்காமல் விட்டதில் ஒரு நகரத்தின் நேர்மை இருக்கிறது. இழப்பு உயிர்களோடு முடியவில்லை. நிலநடுக்கத்துக்கு முன் பெட்டகச் சரக்கில் உலகின் ஆறாவது துறையாக இருந்த கோபே, தளங்களைச் சரிசெய்த இரண்டாண்டுகளுக்குள் வாடிக்கையை இழந்தது. இங்கே கப்பல் மாற்றி ஏற்றப்பட்ட சரக்கின் பெரும்பகுதி பூசானுக்குப் போனது, திரும்பி வரவில்லை.

இதே பூங்காவில் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தவர்களின் நினைவுச் சிலையும் உண்டு. 1908 ஏப்ரல் 28 அன்று கசாடோ மாரு 781 பேரோடு இங்கிருந்து சாண்டோஸ் துறைக்குக் கிளம்பியது. பின்னாளில் போனவர்கள் தங்கியிருந்து மருத்துவச் சோதனையும் மொழிப் பாடமும் பெற 1928இல் கட்டிய விடுதி மேட்டில் இன்னும் நிற்கிறது. முதல் அகுதாகவா இலக்கியப் பரிசை 1935இல் பெற்ற இஷிகாவா தத்சுசோவின் ‘சோபோ’ நாவல் அந்த விடுதியில் காத்திருக்கும் ஏழை விவசாயிகளைப் பற்றியது. பிழைப்புக்காகக் கடல் தாண்டியவர்களின் வரலாறு உள்ள தமிழர் எவரும் அந்த மேட்டை ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

7. வேலை இழந்த துறைகள்

ஹொக்கைடோவின் ஒதாரு கால்வாய் 1923இல் முடிந்தது. கரையை நிரவும்போதே கடலில் ஒரு நீர்வழியை விட்டு அமைத்தது அது. பெருங்கப்பலிலிருந்து சரக்கை ஏற்றிய தோணிகள் அதன்வழியே கிடங்குகளின் வாசலுக்கே வந்தன. கப்பல் நேரே அணையும் தளங்கள் வந்ததும் கால்வாய்க்கு வேலை போயிற்று. சேறும் நாற்றமும் மிஞ்சின. 1966இல் நகராட்சி அதை மூடிச் சாலை போடத் திட்டமிட்டது. 1973இல் கால்வாயைக் காக்கும் சங்கம் தோன்றியது. பத்தாண்டுக்கு மேல் ஊர் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. முடிவில் 40 மீட்டர் அகலத்தில் பாதியை ஒரு பகுதியில் மூடிச் சாலை போட்டார்கள். மீதிப் பாதியை ஒட்டி 1986இல் நடைபாதை வந்தது. போராடிய பலர் இதைத் தோல்வியாகவே கருதினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆயினும் பயணிகள் இன்று படமெடுத்துக்கொள்ளும் கால்வாய் அவர்கள் வாதாடியிராவிட்டால் ஒரு மீட்டர்கூட மிஞ்சியிருக்காது. வடக்கு நோக்கிச் சிறிது நடந்தால் பழைய அகலம் மாறாத பகுதி வரும். பேருந்துக் கூட்டம் அங்கே வருவதில்லை.

ஹகோதாதேயின் கதை வேறு. 1908இல் தொடங்கி, பின்னாளில் அவோமோரிக்கு ரயில் பெட்டிகளையே ஏற்றிச்சென்ற படகுச் சேவை இவ்வூரின் உயிர்நாடியாக இருந்தது. 1954 செப்டம்பர் 26இன் புயலில் தோயா மாரு மூழ்கி 1,100க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்தச் சாவுகள் கடலடிச் சுரங்கத் திட்டத்துக்கு வேகம் கொடுத்தன. 1988 மார்ச் 13 அன்று சுரங்கம் திறந்தது. அன்றே வழக்கமான படகுச் சேவை நின்றது. பழைய படகு மாஷு மாரு இப்போது கரையோர அருங்காட்சியகம். அதன் பக்கத்தில், ரயில் நிலையத்தையும் காலைச் சந்தையையும் ஒட்டிய வாகமாட்சு தளத்தில் 2018இலிருந்து சுற்றுலாக் கப்பல்கள் அணைகின்றன.

8. பெருக்கம்

கப்பல்வழி வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2013இல் 1.74 இலட்சம், 2017இல் 25.29 இலட்சம். 2020க்குள் 50 இலட்சம் என்பது அரசின் இலக்காக இருந்தது. 2017இல் ஃபுகுவோகாவின் ஹகதா துறைக்கு மட்டும் 326 முறை கப்பல்கள் வந்தன. விமர்சகர்களின் பொருளாதார வாதம் வலுப்பெறுவது இங்கேதான். தளத்தில் இறங்கியவர்களைப் பேருந்தில் ஏற்றி, முகவருக்குத் தரகு தரும் வரிவிலக்குக் கடைகளுக்குக் கொண்டுபோய், மாலையில் திருப்பிவிடும் முறை அங்கே பரவியது. நகரின் சிறு கடைக்காரர்களுக்கு நெரிசல் மட்டும் கிடைத்தது.

2017இல் திருத்திய துறைமுகச் சட்டம், முனையத்தில் முதலீடு செய்யும் கப்பல் நிறுவனத்துக்குத் தளத்தில் முன்னுரிமை தர வழிசெய்தது. குமாமோத்தோ மாநிலத்தின் யட்சுஷிரோவில் இப்படி 2020இல் ஒரு முனையம் எழுந்தது. மாநிலத்தின் கரடிச் சின்னமான குமாமோனின் சிலைகள் நிறைந்த பூங்காவோடு. கப்பல் வராத நாட்களில் உள்ளூர்க் குடும்பங்களும் வந்து மகிழ்கின்றன என்பதை மறுக்கக் கூடாது. ஆனால் தளத்திலேயே ஊரின் பொம்மை வடிவத்தை வைத்துவிட்டால் ஊருக்குள் போகும் தேவை குறைகிறது.

அந்த ஆண்டே எல்லாம் நின்றது. நாகசாகியில் கட்டப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் 2020 பிப்ரவரி 3 அன்று 3,711 பேரோடு யோகோஹாமா திரும்பியது. 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. பயணிகள் அறைக்குள் தனித்திருக்க, பணியாளர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, அறை அறையாக உணவு கொண்டுபோனார்கள். கப்பலில் இருந்த 138 இந்தியரில் 132 பேர் பணியாளர்கள். தமிழ்நாட்டவரும் அவர்களில் உண்டு. துறைமுக நகரங்களுக்கு மிக அதிகமாக வந்துபோகிறவர்கள் கப்பல் பணியாளர்கள்தாம். பணி நேரம் போக ஓரிரு மணி நேரம் கரையிறங்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம். சுற்றுலாக் கப்பலைப் பற்றிய ஆய்வுகள் பயணியின் பகலை அளக்கும்போது பணியாளரின் பகலையும் அளக்க வேண்டும்.

9. எந்தத் தளம்?

வெளிநாட்டுக் கப்பல்கள் 2023 மார்ச் முதல் மறுபடி வருகின்றன. கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. என் கவலை அதைப் பற்றியது. யோகோஹாமாவின் விரிகுடாப் பாலம் 1989இல் கட்டப்பட்டது. நீர்மட்டத்திலிருந்து அதன் இடைவெளி 55 மீட்டர். அதைவிட உயரமான கப்பல்கள் ஒசான்பாஷிக்குள் வர முடியாது. அவற்றுக்காக 2019இல் தாய்க்கோகு செயற்கைத் தீவில் முனையம் திறந்தார்கள். சுற்றிலும் ஏற்றுமதிக் கார்களும் கிடங்குகளும். பயணி நடந்து வெளியேற வழியில்லை, பேருந்தையோ டாக்சியையோ நம்ப வேண்டும். அட்டவணையில் இரண்டுக்கும் யோகோஹாமா என்றே பெயர். சிலவற்றில் டோக்கியோ என்றுகூட இருக்கும். ஹகோதாதேயிலும் வாகமாட்சு தளம் ஒன்று, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மினாட்டோ தளம் இன்னொன்று. ஒதாருவில் கால்வாயை ஒட்டிய மூன்றாம் எண் தளம் இருக்கிறது, தள்ளியிருக்கும் கத்சுனாய் தளமும் இருக்கிறது.

ஆகவே சீட்டு எடுக்குமுன் கப்பலின் நீச்சல் குளத்தையும் உணவகங்களையும் விசாரிப்பதோடு, எந்த ஊரில் எந்தத் தளம் என்பதையும் முகவரிடம் கேட்பது நல்லது. பல துறைமுக நிர்வாகங்கள் வரவிருக்கும் கப்பல்களின் பட்டியலைத் தளத்தின் பெயரோடு முன்கூட்டியே வெளியிடுகின்றன. முகவருக்குத் தெரியாவிட்டாலும் அதில் பார்த்துக்கொள்ளலாம். நடுத்தர அளவுக் கப்பலுக்கு நகரத்துக்குள்ளேயே இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். தாய்க்கோகுவில்தான் இறங்க நேர்ந்தாலும் ஃபூஜிக்குப் போகும் பேருந்தை விட்டுவிட்டு, நகருக்குப் போகும் வண்டியைப் பிடித்து யானைத் துதிக்கைக் கரைக்கு வந்துவிடலாம்.